13 வயதுப் பெடியங்கள் டெக்கிள் செய்ய (பந்தோடு ஓடுபவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்த) பயப்படுகிறார்கள். றக்பியை எப்படிப் பழக்குவது?

அந்த வயதில் பயம் வருவது சகஜம். பெரும்பாலும், மோதும்போது தலையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தராததால் வருகிற பயம் அது. "பயப்படாதே, போய் அடி" என்று மைதான ஓரத்தில் நின்று கத்தினால் கண்ணை மூடி, தலையைக் குனிந்து பாயத்தான் பழகுவார்கள். கழுத்தில் அடிபடுவது அப்படித்தான்.

முதலில் டெக்கிள் செய்பவனை முழங்காலில் நிற்க வையுங்கள். பந்து வைத்திருப்பவன் அவனுக்குக் குறுக்கே மெதுவாக நடந்து போகட்டும். தோள் தொடையில் படவேண்டும், கன்னம் எதிரியின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்கவேண்டும். தலை முன்பக்கம் போனால் முழங்கால் வந்து அடிக்கும். கண் திறந்திருக்க, நாடி நிமிர்ந்திருக்க, இரண்டு கையாலும் சுற்றி இறுக்கவேண்டும். இது சரிவந்த பிறகு நின்று, அப்புறம் நடந்து, அப்புறம் ஓடி.

நின்று செய்யத் தொடங்கியதும் பிழை காலில் தெரியும். எதிரி இரண்டு மீற்றர் தள்ளி இருக்கும்போதே பாய்ந்துவிடுவார்கள். அவன் கொஞ்சம் விலகினால் புல்லைத்தான் கட்டிப்பிடிக்கலாம். சின்னச் சின்ன அடியாகக் கிட்டப் போய், எந்தத் தோளால் பிடிக்கிறானோ அந்தப் பக்கக் காலை எதிரிக்குப் பக்கத்தில் ஊன்றச் சொல்லுங்கள். பாக்கில் (டெக்கிள் பழகும் பஞ்சுப் பையில்) மட்டும் பழகினால் இது வராது, பாக் விலகி ஓடாதே!

உயரத்தையும் இப்போதே இறக்கிவிடுங்கள். தோளுக்கு மேல் பிடித்தால் எங்கும் பெனால்டிதான். இங்கிலாந்தில் 2023 முதல் பாடசாலை ஆட்டங்களிலும் தொழில்முறை அல்லாத கழக ஆட்டங்களிலும் மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேலே பிடிக்கக் கூடாது.

இரண்டு தோளையும் பழக்குங்கள். வராத பக்கமும் ஒருநாள் கைகொடுக்கும். 2003 உலகக் கிண்ண இறுதியில் இடது கால் ஆட்டக்காரரான ஜொனி வில்கின்சன், மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் வலது காலால் ட்ரொப் கோல் (பந்தை நிலத்தில் விழவிட்டு, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்துத்தான் இங்கிலாந்து 20-17 என்று வென்றது.

பாஸ் விஷயம்: வரிசையில் நின்று கைமாற்றுவதைக் குறைத்து, இரண்டு பேருக்கு ஒரு தடுப்பாளன் என்று ஆடவிடுங்கள். பிழை விட்டால் விடையைச் சொல்லாமல், "தடுப்பாளனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?" என்று கேளுங்கள். அடுத்த தடவை பார்த்துவிட்டுக் கொடுப்பான்.

எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கம் இருக்கிறது. அணியில் உடம்பு பெரிய ஒருவனிடமே பந்தைக் கொடுத்து எல்லோரையும் இடித்துக்கொண்டு ஓடச் சொல்வது. கிண்ணம் கிடைக்கும். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அவனுக்கோ பாஸ் கொடுக்கவே தெரியாது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் எடை வகுப்பு வைத்துப் போட்டி நடத்துவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், டெக்கிள் பயிற்சியிலாவது ஒத்த எடையுள்ளவர்களைச் சோடி சேருங்கள். மௌத்கார்ட் (பல் காப்பு) போடாதவனை இறக்கவே வேண்டாம்.