சமரசக் கையெழுத்து வேண்டாம், சகோதரி

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் நான், மலையாளிப் பழங்குடி. சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கல்லூரி மாணவர்களிடம் சாதி வெறியைப் பரப்பும் வாட்ஸ்அப் குழுக்கள், ரீல்ஸ் வீடியோக்கள் பற்றியது ஆய்வு. ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்த பிறகு, தெரியாத எண்களிலிருந்து “வெட்டிப் போட்டுடுவோம்” என்று வாய்ஸ் மெசேஜ் வருகிறது. என் சமூகத்தைச் சொல்லியும் திட்டுகிறார்கள். போன வாரம் சாயங்காலம் ஸ்கூட்டியில் மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவில் இரண்டு பைக்கில் வந்தவர்கள் மறித்து, கள ஆய்வு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேட்டி கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒரு ஸ்டேஷனில் “எங்க லிமிட் இல்ல” என்றார்கள். இன்னொன்றில் “நோட்டுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா” என்று, புகார் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். இப்போது சிலர், நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்தால் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். அப்பா பயப்படுகிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பேசி முடிப்பதற்கு இது வரப்புத் தகராறு இல்லை. மறித்தவர்கள் அவர்கள், பறித்தவர்கள் அவர்கள், கொல்வோம் என்று மிரட்டுபவர்களும் அவர்கள். எழுதிக் கொடுக்க வேண்டியது மட்டும் நீங்களா?

உங்கள் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2015 ஜனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டத்துக்கு அழைத்து, நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு எழுதி வாங்கினார்கள். அந்த விவகாரத்தில் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எதிர்ப்பவர்கள் கலவரம் செய்வார்கள் என்பதற்காகப் பேசுபவரின் வாயை அடைக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பதுதான் அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றமும் 1989-லேயே ரங்கராஜன் வழக்கில் சொல்லியிருக்கிறது. யாராவது உங்களை மறுபடி “பேச” கூப்பிட்டால், இந்த இரண்டு தீர்ப்புகளின் நகலோடு ஒரு வழக்கறிஞரையும் அழைத்துப் போங்கள். வெற்றுத் தாளில் மட்டுமல்ல, “வந்து போனேன்” என்று எழுதிய தாளில்கூடக் கையெழுத்து வேண்டாம்.

அடுத்து, அந்த நோட்டு. அதன் விலை நாற்பது ரூபாயாக இருக்கலாம். சட்டம் விலையைப் பார்ப்பதில்லை. ஒரு பொருளைத் திருடுவதற்காக ஒருவரைப் போகவிடாமல் மறித்தாலோ, உடனே காயம் நேரும் என்று பயமுறுத்தினாலோ அந்தத் திருட்டு வழிப்பறி ஆகிவிடுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-ஆம் பிரிவு இது. 10 ஆண்டு வரை கடுங்காவல். போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம் இது. நீங்கள் கொடுத்த புகார் மனுவில் “நோட்டு காணாமல் போனது” என்பது போல எழுதியிருந்தால், அதையே சாக்காக வைத்துத்தான் சி.எஸ்.ஆரோடு நிறுத்தியிருப்பார்கள். புதிய மனு எழுதுங்கள். எந்த வளைவு, எத்தனை மணி, எத்தனை பேர், வண்டியின் நிறம், எப்படி மறித்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், யார் கையை நீட்டிப் பிடுங்கினார் என்று, நடந்தது நடந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

கொலை மிரட்டலுக்கு அதே சட்டத்தின் 351(3), 7 ஆண்டு வரை. இந்தப் பிரிவு தனியாக நின்றால், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது என்பார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் நேரடியாக விசாரிக்கக்கூடிய ஒரு குற்றம் கூட இருந்தாலே மொத்த வழக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 174(4). அதனால் வழிப்பறியையும் மிரட்டலையும் ஒரே மனுவில் எழுதுங்கள். அடையாளத்தை மறைத்து மிரட்டியதற்கு 351(4)-இன் கீழ் கூடுதலாக 2 ஆண்டு வரை உண்டு.

லிமிட் பிரச்சினை இனி கிடையாது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்து, உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். மின்னஞ்சலிலும் அனுப்பலாம்; 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மறுத்தால், ஏற்காடு பகுதி என்றால் மாவட்ட எஸ்.பி.க்கும், மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அதே நடைமுறைச் சட்டத்தின் 175(3)-இன் கீழ் மனு. தபால் ரசீதுகளை அதுவரை பத்திரமாக வையுங்கள், அங்கே அவைதான் முதலில் கேட்கப்படும்.

நீங்கள் பழங்குடி என்பது இந்த வழக்கில் பெரிய பலம். மறித்தவர்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர்கள், உங்கள் சமூகம் எது என்று தெரிந்தே செய்தார்கள் என்றால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(va) பொருந்தும். மிரட்டலும் மறித்தலும் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளன. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆருக்கு முன் “விசாரிச்சுப் பார்க்கிறோம்” என்று இழுக்க 18A இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் போனுக்கு மட்டும் தனியாக வந்த சாதி வசவு, “பொதுப் பார்வையில் இழிவுபடுத்துதல்” என்ற பிரிவுக்குள் வருவது கடினம். அதே வசவு ஒரு குழுவிலோ வீடியோவின் கீழோ இருந்தால் நிலைமை வேறு. அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

உங்களுக்குப் பாதுகாப்புத் தருவதும் அரசின் சலுகை அல்ல. இந்தச் சட்டத்தின் 15A, பாதிக்கப்பட்டவருக்கும் குடும்பத்துக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்க அரசைக் கட்டாயப்படுத்துகிறது. எதிரி ஜாமீன் கேட்டால் உங்களுக்குத் தகவல் தர வேண்டும், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். இதோடு, உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும் மனுப் போடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, உங்களுக்கு உள்ள ஆபத்து பற்றி போலீஸ் அதிகாரியிடம் அறிக்கை வாங்கி முடிவெடுக்கும். உங்கள் வழக்கின் குற்றங்கள் அதற்குத் தகுதியானவை. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். அப்பாவையும் கூடவே அழைத்துப் போங்கள். பயப்படுகிறவரை வீட்டில் தனியாக உட்கார வைத்தால் பயம் கூடத்தான் செய்யும்.

கேமராப் பதிவு விஷயத்தில் அவசரம் வேண்டும். ஓமலூர் கோகுல்ராஜ் சாதி ஆணவக் கொலை வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும், திருச்செங்கோடு கோயில் கேமராவின் பதிவு பேசியது. 2022-இல் தண்டனை வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாலையோரக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து புதியவை ஏறிவிடும். அடிவாரத்திலும் வழியில் உள்ள கடை, விடுதிகளிலும் உள்ள கேமராப் பதிவுகளைக் கைப்பற்றக் கோரி, நேரத்தைக் குறிப்பிட்டு இன்றே தனி மனு கொடுங்கள். வாய்ஸ் மெசேஜ்களை வேறு போனுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். மெசேஜ் தானாக மறையும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். நீதிமன்றத்தில், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலப் போனே ஆதாரம்.

போலீஸார் “இரு தரப்பிடமும் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) முன் பிணை எழுதி வாங்குகிறோம்” என்று சொல்ல வாய்ப்புண்டு. அமைதியைக் குலைக்கக்கூடியவரிடம்தான் நடைமுறைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப் பிணை கேட்க முடியும். உங்கள் மேல் நோட்டீஸ் வந்தால் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

ஆய்வு சாதியை அவமதிக்கிறது என்று எதிர்ப்புகார் வந்தாலும் கலங்க வேண்டாம். பகையைத் தூண்டும் நோக்கம் இருந்ததா என்று நூலை முழுதாகப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2007-இல் மன்சர் சையத் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்குக்குக் காரணமான நூல், சிவாஜியைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் எழுதியது. நன்றியுரையில் பெயர் இருந்த ஒரே காரணத்துக்காகப் புனேயில் ஒரு சமஸ்கிருத அறிஞரின் முகத்தில் கரி பூசினார்கள். 2004 ஜனவரி 5 அன்று, அவருக்கு உதவிய புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தையே அடித்து நொறுக்கினார்கள். எழுதியவர் கைக்கு எட்டாதபோது, உதவியவர்கள் மேல்தான் கை விழுகிறது.

அதனால்தான் அந்த நோட்டில் பெயர் உள்ளவர்களைப் பற்றி உங்களைவிட நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தோ நம்பகமானவர் மூலமோ எச்சரியுங்கள். மிரட்டல் வந்தால் அவர்களும் புகார் கொடுக்கட்டும். எஃப்.ஐ.ஆரில் அவர்கள் பெயர்களை அடுக்க வேண்டாம், “ஆய்வில் பங்கேற்றவர்கள்” என்பது போதும். ஆய்வாளர் தகவலாளிகளின் பெயரை வெளியிட மறுக்கலாம் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. சம்மன் வந்தால் ஆவணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இனி நோட்டில் குறியீட்டு எண் மட்டும் எழுதுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் கடவுச்சொல் போட்ட கோப்பாக வேறிடத்தில் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் ஆய்வேட்டிலும் நன்றியுரையிலும் ஊர்ப் பெயர்கூட வேண்டாம்.

நெறியாளர் தலைப்பை மாற்றச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவோடு கேளுங்கள். நடந்ததைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மனுவாகக் கொடுத்து, இணையப் பக்கத்திலிருந்து உங்கள் முகவரியையும் எண்ணையும் நீக்கச் சொல்லுங்கள். இந்த அலைச்சலில் காலம் போகிறதே என்ற கவலையும் வேண்டாம். யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் 6 ஆண்டுக்கு மேல் 2 ஆண்டு நீட்டிப்பும், பெண் ஆய்வாளர்களுக்கு இன்னொரு 2 ஆண்டும் இருக்கின்றன. நான்காம் அத்தியாயம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.