செப்டம்பர், அக்டோபரிலேயே மலையில் பனி தேடிப் போகிற ஸ்கீயர்கள் (பனிச்சறுக்குக்காரர்கள்) எதை நம்பிப் போகிறார்கள்?

கேள்வி கேட்டவரின் சந்தேகம் நியாயமானது. ஸ்கீ மையங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் திறக்கின்றன. லிஃப்ட் இல்லை, பாதை போட்டுத் தருபவர் இல்லை. அப்படியிருக்க செப்டம்பர் கடைசியில் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு நாலைந்து மணி நேரம் மலையேறுகிறவர்களுக்கு மேலே என்ன கிடைக்கிறது, இதில் ஆபத்து இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

பல வருடங்களாக இப்படிப் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். புதுப்பனி எங்கே விழுந்தது என்று மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர் பெரும்பாலும் வெறும் நடையோடு திரும்புவார். போன குளிர்காலத்துப் பழைய பனி எங்கே மிச்சம் கிடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். இலையுதிர்காலத்து ஸ்கீயில் எனக்குத் தெரிந்த முக்கியமான விஷயமே இதுதான்.

காரணம் எளிது. புதிதாக விழும் பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், மற்றதெல்லாம் காற்று. 25 சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது என்றால் படத்தில் மலை முழுக்க வெள்ளையாகத் தெரியும். ஆனால் அதன் மேல் ஆள் ஏறி நின்றால் ஸ்கீ நேராகத் தரைக்கே போய்விடும். தரை புல்வெளியாக இருந்தால் சரி, கொஞ்சம் ஈரமான பனி 30 சென்டிமீட்டர் இருந்தாலே சமாளிக்கலாம். உயரமான இடங்களில் பெரும்பாலும் தரை அப்படி இருக்காது. அண்டா அளவிலும் அலமாரி அளவிலும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். அதை மூட ஒரு மீட்டர் பனிகூடப் பத்தாது. பழைய பனி அப்படியல்ல. கோடை முழுக்கப் பகலில் உருகி இரவில் உறைந்து, கல் மாதிரி இறுகியிருக்கும். ஃபிர்ன் என்று சொல்வார்கள். அந்தத் தளத்தின் மேல் பத்து சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தாலே போதும், அருமையாகச் சறுக்கலாம்.

இது எனக்கு முதல் வருடம் தெரியாது. புதுப்பனி செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு வடக்குச் சரிவுக்கு ஓடினேன். மூன்றாவது திருப்பத்தில் கீழே இருந்த பாறை இழுத்தது. ஸ்கீயின் அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், ஓரத்து உலோக விளிம்பு பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்லில் இடித்தது முழங்காலாக இருந்திருந்தால் அங்கிருந்து நடந்தே இறங்கியிருக்க முடியாது. அன்றிலிருந்து இந்தப் பருவத்துக்கென்று ஒரு பழைய ஜோடி வைத்திருக்கிறேன். ஸ்கீக்காரர்கள் இதைக் கல் ஸ்கீ என்பார்கள். அடிபட்டாலும் மனம் வலிக்காத ஜோடி.

சரி, பழைய பனியை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுவேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கும், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் பத்து மீட்டர். மேகமில்லாத நாளின் படத்தை எடுத்து, வெள்ளையாக மிச்சமிருக்கும் திட்டுகளை வரைபடத்தில் குறித்துக்கொள்வேன். புதுப்பனி விழுந்த பிறகு பார்த்தால் எல்லாமே வெள்ளை, கீழே எது பழைய பனி எது பாறை என்று தெரியாது. அதனால் விழுவதற்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் பொதுவாக இந்தத் திட்டுகள் வடக்கும் வடகிழக்கும் பார்த்த சரிவுகளில், செங்குத்துப் பாறைகளின் நிழலில், காற்று பனியை வாரிக்கொண்டுவந்து கொட்டும் இடுக்குகளில் இருக்கும். கொலராடோவில் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மேலே இருக்கும் செயின்ட் மேரிஸ் கிளேசியர் அப்படிப்பட்ட ஒன்று. பெயரில்தான் பனியாறு, உண்மையில் ஆண்டு முழுக்கக் கிடக்கும் ஒரு பனித்திட்டு.

விதிவிலக்கும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையின் மியூர் பனிவெளி தெற்கு பார்த்தது. வெயில் நேராக விழும் இடம். ஆனாலும் கோடையைத் தாண்டி நிற்கிறது, ஏனென்றால் அங்கே விழும் பனியின் அளவு அப்படி. அடிவாரத்தில் 1,646 மீட்டரில் இருக்கும் பாரடைஸில் 1971-72 பருவத்தில் மட்டும் 28.5 மீட்டர் பனி விழுந்தது. அப்போது அதுதான் உலக சாதனை. 1998-99இல் அதே மாநிலத்து மவுண்ட் பேக்கர் ஸ்கீ மையம் 28.96 மீட்டரோடு அதை முந்தியது. வருடத்தின் பன்னிரண்டு மாதமும் ஒரு தடவையாவது ஸ்கீ செய்துவிட வேண்டும் என்று விரதம்போல வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்குக் கடினமான மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். அப்போது பலர் போய்ச் சேரும் இடம் மியூர்.

வானிலையைப் பொறுத்தவரை நான் பார்ப்பது பனியின் அளவைவிட, விழும் வரிசையை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், கீழே மழையாக இருப்பது மேலே பனியாகும் உயரத்தை ஓரளவு ஊகிக்கலாம். முதலில் ஈரமான கனமான பனி விழுந்து பழைய தளத்தில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் குளிர் ஏறி, அதன் மேல் உலர்ந்த பனி விழுந்தால் அது நல்ல வரிசை. முதலிலேயே உலர்ந்த பொடியாக விழுந்தால் அடுத்த காற்றில் மலைமுகட்டிலிருந்து மொத்தமும் பறந்துவிடும். அமெரிக்காவில் ஸ்னோடெல் என்ற தானியங்கி நிலையங்கள் மலைகளில் இருக்கின்றன. பனியின் எடையை அளந்து அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மணிக்கு மணி சொல்லும். இரவில் ஏறிய அளவு மறுநாள் மத்தியானத்திலும் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நின்றால் கிளம்பலாம்.

ஓர் அக்டோபர் முதல் வாரத்தில் மியூருக்குப் போன நாளைச் சொன்னால் இந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று புரியும். விடியும் முன்னே பாரடைஸிலிருந்து ஏறத் தொடங்கினோம். கீழே புல்வெளியில் ஹக்கிள்பெரிச் செடிகளின் இலைகள் ரத்தச் சிவப்பில் இருந்தன, ஒவ்வொரு இலை ஓரத்திலும் உப்பு தூவினாற்போல உறைபனி. அந்தப் புல்வெளியில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. மிதிபட்ட செடி அங்கே மறுபடி முளைக்கப் பல வருடம் ஆகும். பனி நன்றாக மூடும்வரை பாதையிலேயே நடக்க வேண்டும், ஸ்கீ முதுகில்தான். 2,200 மீட்டரையொட்டி பெப்பிள் க்ரீக் ஓடையைத் தாண்டினால் பனிவெளி தொடங்கும். அங்கே ஸ்கீயின் அடியில் ஸ்கின் பட்டையை ஒட்டினோம். ஒரு பக்கமாகப் படிந்த மயிர் அதில் இருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அந்த காலத்தில் சீல் என்ற கடல்நாயின் தோலில் செய்ததால் வந்த பெயர், இப்போது மொஹேர் என்ற ஆட்டு மயிரிலும் நைலானிலும் செய்கிறார்கள்.

ஏறும்போது பத்தடிக்கு ஒருமுறை கைக்கோலைத் தலைகீழாகப் பிடித்துக் குத்திப் பார்த்துக்கொண்டே போவது என் வழக்கம். கோல் மென்மையாக இறங்கி, 15 சென்டிமீட்டரில் 'டொக்' என்று ஒரே மாதிரி நின்றால் கீழே பழைய பனி. 'டக்' என்று கூர்மையாக ஒலித்துக் கை அதிர்ந்தால் பாறை. இரண்டுக்கும் நடுவே சரக்கென்று உடைந்து இறங்கினால் வெயில் குழிகளின் மேல் புதுப்பனி பாலம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். கோடை வெயில் பழைய பனியில் முழங்கால் ஆழத்துக்குக் குழிகுழியாகச் சாப்பிட்டு வைத்திருக்கும், அதை மேலே பார்த்துச் சொல்ல முடியாது. இந்த மூன்று ஒலியும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அன்று 2,700 மீட்டருக்கு மேல் தொடர்ந்து 'டொக்'தான். அந்த உயரத்திலிருந்து 3,105 மீட்டரில் இருக்கும் மியூர் முகாம்வரை கல்லே படவில்லை.

இனி ஆபத்தைப் பற்றி. இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பருவத் தொடக்கத்தில் பனி குறைவு, அதனால் பனிச்சரிவு வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மலை முழுக்க வெறும் பாறையாக இருக்கும்போது ஸ்கீ செய்யும் அளவுக்குப் பனி எங்கே இருக்கும்? காற்று வாரிக் கொட்டிய இடுக்கில். நிழல் விழும் செங்குத்துச் சரிவில். கீழே வழவழப்பான பழைய தளம் இருக்கும் இடத்தில். பனிச்சரிவு கிளம்புவதற்கும் இதே மூன்றும்தான் வேண்டும். நல்ல பனியைத் தேடத் தேட, மலையிலேயே சரியக்கூடிய அந்த ஒரே இடத்துக்குத்தான் நம் கால் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சரிந்தால் கீழே மெத்தை கிடையாது, மூடாத பாறைதான். சின்னச் சரிவுகூட ஆளைப் பாறையில் மோதிவிடும்.

2017 அக்டோபர் 7 அன்று மொன்டானா மாநிலத்து மேடிசன் மலைத்தொடரில் இரண்டு பேர் போன இடத்தில் அப்படித்தான் நடந்தது. சுமார் 45 மீட்டர் அகலமே உள்ள பனிப்பலகை, அதாவது ஒரே துண்டாக உடைந்து சரியும் பனி அடுக்கு. இருவரும் மலையில் நல்ல அனுபவம் உள்ளவர்கள். ஒருவர் புதைந்து இறந்துபோனார். புதைந்தவரைக் கண்டுபிடிக்க சமிக்ஞை அனுப்பும் கருவியான பீக்கன் அவரிடம் இருந்தது, பைக்குள், அணைக்கப்பட்டு. அந்த அறிக்கையைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அதே மாதிரி அக்டோபரில் பீக்கனைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். அந்த மாதத்தில் குளிர்காலம் வந்துவிட்டது என்று மனசு நம்புவதில்லை. இப்போது வண்டியை விட்டு இறங்கும்போதே பீக்கனை மார்பில் கட்டி, ஓடுகிறதா என்று கூட வருகிறவரோடு சோதித்துவிட்டுத்தான் முதல் அடி வைப்பேன். மண்வாரியும் துழாவுகோலும் சேர்த்து. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். கீழே போய் உதவி கூட்டிவர நேரமே கிடையாது. இன்னொன்றும் உண்டு: பனிச்சரிவு முன்னறிவிப்பு மையங்கள் பல இந்த மாதங்களில் தினசரி அறிக்கை தருவதில்லை. சரிவை நாமேதான் படித்தாக வேண்டும்.

அக்டோபர் பனி இன்னொரு வேலையும் செய்யும். தரை பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும், இரவில் பனியின் மேற்பரப்பு மைனஸ் பத்துக்குப் போகும். நடுவே இருப்பது 30 சென்டிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய போர்வைக்குள் அவ்வளவு வெப்ப வித்தியாசம் இருந்தால், கீழிருந்து நீராவி மேலே ஏறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பட்டைபட்டையான மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஒழுகும். டிசம்பரில் இதன் மேல் ஒரு மீட்டர் பனி குவியும்போது இந்தச் சர்க்கரைதான் அடியில் இருந்து வழுக்கிவிடும். கொலராடோ போன்ற உலர்குளிர் மலைகளில் குளிர்கால விபத்துகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதனால் அக்டோபரில் எந்தச் சரிவில் பனி நின்றது என்று குறித்து வைப்பது அந்த மாதத்துக்கு மட்டும் உதவும் விஷயமில்லை, பிப்ரவரிவரை எனக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.

பனியாறுகளில் இன்னும் மோசம். கோடையில் வாய் பிளந்து தெளிவாகத் தெரிந்த வெடிப்புகளை அரையடிப் புதுப்பனி மறைத்துவிடும். ஆளைத் தாங்காது, ஆனால் கண்ணை ஏமாற்றும். கயிறும் பயிற்சியும் இல்லாமல் இலையுதிர்காலத்துப் பனியாற்றில் கால் வைக்காதீர்கள். மியூரிலும் மேகம் இறங்கினால் வழி தவறி ஒரு பக்கம் நிஸ்குவாலி பனியாற்றுக்கும் மறுபக்கம் பாரடைஸ் பனியாற்றுக்கும் போய்விடலாம். அங்கே அப்படித் தொலைந்து உயிரை விட்டவர்கள் உண்டு. திசைக்கோணத்தை ஏறும்போதே குறித்துக்கொள்ள வேண்டும், மூடுபனி வந்த பிறகு அல்ல.

அன்று நாங்களும் ஒரு இடத்தில் திரும்பினோம். முகாமுக்குச் சற்றுக் கீழே, பாறை மறைவில் ஒரு சின்ன இடுக்கு. பார்க்கவே ஆசையாக, முழங்கால் அளவு பனி. நான் ஸ்கீயைத் திருப்பி உள்ளே நாலடி போனதும் கீழே 'உம்ம்' என்று ஒரு சத்தம், பெரிய மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி. பனியில் ஒரு மயிரிழை விரிசல் என் ஸ்கீ நுனியிலிருந்து பாறைவரை ஓடியது. உள்ளே பலமில்லாத அடுக்கு நொறுங்கிய சத்தம் அது. கூட வந்த நண்பர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வந்துடுங்க." வந்த தடத்திலேயே பின்வாங்கினேன். விவாதமே கிடையாது.

முகாமிலிருந்து பனிவெளியின் நடுவே, சாய்வு குறைந்த பக்கமாக இறங்கினோம். அதில்தான் உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிக்குப் பதில் இருக்கிறது. மேலே பத்து சென்டிமீட்டர் உலர்ந்த பனி, அடியில் உறுதியான தளம், ஸ்கீ திரும்பும்போது ஒரு சத்தமும் இல்லை. நாலு மாதமாகக் காலுக்கு மறந்துபோயிருந்தது, இரண்டாவது திருப்பத்தில் முழங்காலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. 2,700 மீட்டரில் குழிகள் தொடங்கின, வேகத்தைக் குறைத்தோம். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் முதல் கல் தலைகாட்டியது. அங்கேயே ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்தோம். கீழே சிவந்த செடிகளுக்கு நடுவே மார்மட் என்ற பெரிய மலை அணில் ஒன்று பாறையில் ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தது. அதுவும் இன்னும் வளைக்குள் போகவில்லை.