தளபதியின் பெயரும் மூன்று ஆவணங்களும்

கேள்வி: என் தந்தை மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவர். 1971 டிசம்பர் 20 அன்று நான் பிறந்தேன். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து நான்கு நாள்களே ஆகியிருந்த நேரம் அது. அப்போதைய தரைப்படைத் தளபதி சாம் மானெக்‌ஷாவின் நினைவாக எனக்கு ‘மானெக்‌ஷா’ என்று பெயரிடும்படி இன்லண்ட் கடிதத்தில் எழுதியனுப்பினார். பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. பள்ளிச் சான்றிதழில் மானெக்‌ஷா, ஆதாரில் மாணிக்கசா. தந்தை இறந்தபின் 2014-இல் பெற்ற வாரிசுச் சான்றிதழிலும் அதன்படி எனக்கும் தங்கைக்கும் மாறிய கூட்டுப் பட்டாவிலும் மாணிக்கராஜா. நிலத்தின் பேரில் வங்கி கடன் தர மறுக்கிறது. ‘மாணிக்கராஜா’ என்று அரசிதழில் மாற்றிக்கொள்ளுமாறு ஆவண எழுத்தர் சொல்கிறார். என் உணவகத்தின் பெயர் ‘மானெக்‌ஷா மிலிட்டரி ஓட்டல்’. படைத்தளபதியின் பெயரைப் பயன்படுத்துவது குற்றம் என்று ஒருவர் மிரட்டுகிறார். என்ன செய்வது? (வேலூர் மாவட்ட வாசகர்)

பதில்: ஆவண எழுத்தர் சொன்னதைச் செய்யாதீர்கள். அரசிதழில் வெளியாகும் பெயர்மாற்றம், இன்னார் இந்த நாள் முதல் இந்தப் பெயரால் அறியப்படுவார் என்பதைத்தான் தெரிவிக்கும். 2014-ஆம் ஆண்டுச் சான்றிதழில் கண்ட மாணிக்கராஜா யார் என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. இப்போது அந்தப் பெயரை ஏற்றால், வாரிசுச் சான்றிதழ் பெற்ற காலத்தில் அது உங்கள் பெயரே இல்லை என்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். சரியாக இருக்கும் ஒரே ஆவணமான பள்ளிச் சான்றிதழும் பொருந்தாமல் போகும்.

உங்கள் சிக்கல் பெயர்மாற்றம் அன்று, பெயர்ப்பிழை. அந்தப் பார்சிப் பெயர் வாயில் நுழையாமல்தான் கூர்க்கா வீரர்களே அவரைச் ‘சாம் பகதூர்’ என்று அழைத்தார்கள். நம் ஊர் எழுத்தர் கையில் அது மாணிக்கம் ஆனதில் வியப்பில்லை. போஸ், நேதாஜி என்ற பெயர்களை நீதிமன்ற உதவியாளர் மும்முறை கூவி அழைக்கக் கேட்டிருக்கிறேன். அவற்றை எழுதுவதில் யாருக்கும் தடுமாற்றம் வந்ததில்லை. ஆனால் மாணிக்கசா என்பது எழுத்துப் பிழை, மாணிக்கராஜா என்பதோ வேறொரு பெயர் என்ற வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். முதலாவதைத் திருத்துவது எளிது. இரண்டாவதற்குச் சான்று வேண்டும்.

அந்தச் சான்று பெரும்பாலும் வெலிங்டனில் இருக்கும். படைவீரருக்குக் குழந்தை பிறந்தால், அவருடைய படைப்பிரிவு ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையில் குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும் வெளியிட்டு, பணிப்பதிவில் சேர்ப்பது வழக்கம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. 2008-இல் மானெக்‌ஷா காலமானதும் அதே ஊரின் ராணுவ மருத்துவமனையில்தான். தந்தையின் படை எண், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அப்பதிவின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அரசு ஊழியர் தம் கடமையின்போது செய்த பதிவு என்பதால், பாரதிய சாட்சிய அதினியம் என்னும் புதிய சாட்சியச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி அதைச் சான்றாக முன்வைக்கலாம். டிரங்குப் பெட்டியில் அந்த இன்லண்ட் கடிதம் இன்னும் இருந்தால், அஞ்சல் முத்திரை தெரியும்படி அப்படியே பாதுகாத்து வையுங்கள், லேமினேஷன் செய்துவிடாதீர்கள். முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்தில் இருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து உரியவருடையதே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

அடுத்து ஆதார். அதில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு வாய்ப்புகளே உண்டு. எனவே தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் பள்ளிச் சான்றிதழோடு ஒன்றுக்கு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். பிறப்புப் பதிவேட்டில் இப்போதும் பெயர் சேர்க்க முடியுமா என்பதைப் பதிவாளரிடம் கேட்டறியுங்கள். முடியாவிட்டாலும் உங்கள் வழக்கு அதனால் கெடாது.

பிறகு வட்டாட்சியரிடம் செல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசுகள் என்று காட்டுமே தவிர, அது சொத்துரிமையைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. தந்தையின் நிலத்தில் உங்கள் பங்கு வாரிசுரிமைச் சட்டத்தால் வந்தது. எழுத்தரின் பிழையால் அது போய்விடாது. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் நீங்கள் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதுங்கள். தங்கையும் தனியாக ஒன்று எழுதித் தரட்டும். அந்தச் சான்றிதழில் உங்களோடு பெயர் உள்ள அவரே, தந்தைக்கு மாணிக்கராஜா என்று வேறு மகன் இல்லை என உறுதி சொல்வது, நீங்கள் சொல்வதைவிட எடை மிகுந்தது. சான்றிதழ் திருந்தியபின் பட்டாத் திருத்தம் கேட்கலாம்.

வட்டாட்சியர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தனிப்பரிகாரச் சட்டம் 1963-இன் 34-ஆம் பிரிவின்படி, மூன்று பெயருக்கும் உரியவர் நீங்களே என்ற விளம்புகை (நீதிமன்றத்தின் முறையான அறிவிப்பு) கோரி மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அரசு அலுவலர் எதிர்வாதியாக வருவதால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி முன்னதாக அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வழக்கிடும் உரிமை முதலில் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே காலவரம்பு என்பதால், வங்கியின் மறுப்புக் கடிதத்தையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

மிரட்டலைப் பொறுத்தவரை, படைத்தளபதியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. சில பெயர்களையும் சின்னங்களையும் வணிகத்தில் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. மகாத்மா காந்தி, சத்ரபதி சிவாஜி ஆகியோரின் பெயர்கள் உள்ள அப்பட்டியலில் மானெக்‌ஷா இல்லை. அசைவ உணவகத்தை ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று அழைப்பது நம் ஊர் வழக்கு; அதைக் கண்டு ராணுவம் நடத்தும் கடை என்று யாரும் ஏமாறப்போவதில்லை. பலகையில் சீருடைப் படமோ படைப்பிரிவின் சின்னமோ இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.