குடும்பத்துக்கு எந்த எஸ்யூவி? கேள்வி பதில்

கோவையில் 22 வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன் அளவு வண்டிகளைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம், எந்தச் சாலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் எந்த வண்டியையும் நல்லது என்று சொல்ல என்னால் முடியாது.

திருச்சி, ஆசிரியை: அண்ணா, பள்ளிக்கு 6 கி.மீ. போய்வர வண்டி வேண்டும். மாதம் ஒருமுறை தஞ்சாவூரில் அம்மா வீடு. டீசல் என்ஜின்தான் நாள்பட உழைக்கும் என்கிறார் வீட்டுக்காரர்.

ஓட்டத்தைச் சொன்னதற்கு நன்றி அம்மா. உங்கள் கணக்கு மாதம் 400 கி.மீ. வருகிறது. டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல் விலை என்று வைப்போம். பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 12 கி.மீ.; டீசல் 92.50 ரூபாய், லிட்டருக்கு 16 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 2 ரூபாய் 60 காசு. அந்த ஒன்றரை லட்சத்தைத் திரும்ப எடுக்கவே 57,000 கி.மீ. ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்தில் அதற்குப் பன்னிரண்டு வருடம் ஆகும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி. டி.பி.எஃப். என்பார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து இந்த அளவு டீசல் வண்டிகளில் அது இருக்கிறது. பிடித்த கரியை அது தானே எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு நன்றாகச் சூடேறிய என்ஜினோடு கால் மணி, இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். 6 கி.மீ. ஓட்டத்தில் என்ஜின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். கரி சேர்ந்து, விளக்கு எரிந்து, வண்டி இழுக்காமல் நிற்கும். என்னிடம் இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஊருக்குள்ளேயே ஓடியவை. வீட்டுக்காரர் சொல்வது அந்தக் கால டீசலுக்குச் சரி. உங்களுக்கு டர்போ, அதாவது காற்றை அழுத்தி ஊட்டும் கருவி, இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் போதும். மேனுவலோ, சி.வி.டி. ஆட்டோமேட்டிக்கோ எடுங்கள்.

மதுரை: கிரெட்டாவா, செல்டோஸா சார்?

இரண்டிலும் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே குடும்பம். கிரெட்டா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிறது, செல்டோஸ் ஆந்திராவின் பெனுகொண்டா பக்கம். உழைப்பில் வித்தியாசம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எதன் சர்வீஸ் சென்டர் உங்களை நன்றாக நடத்துகிறதோ அதை எடுங்கள். அங்கே சனிக்கிழமை காலை போய் நின்று, வெளியே வருபவர்கள் நாலு பேரிடம் பேசிப் பாருங்கள்.

பொள்ளாச்சி, எஸ்டேட் வேலை: வாரம் இருமுறை வால்பாறை. ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

எடுக்கலாம், வகை பார்த்து. 40 கொண்டை ஊசி வளைவு, நடுவில் லாரி நின்றால் ஏற்றத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது டி.சி.டி. அல்லது டி.எஸ்.ஜி., நெடுஞ்சாலையில் அருமையாக இருக்கும். ஆனால் இந்த வண்டிகளில் வருவது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்களிடம் அது சீக்கிரம் சூடாகும். உங்கள் பாதைக்கு, கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் பொருத்தம். கிரெட்டா, செல்டோஸ் டீசலில் அது கிடைக்கிறது. உங்கள் ஓட்டத்துக்கு டீசலும் தகும்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஆட்டோமேட்டிக்கிலும் கையால் இரண்டாம் கியருக்குக் கொண்டுவந்து இறங்குங்கள்.

ஈரோடு: கிரெட்டா கதவைத் தட்டினால் தகர டப்பா சத்தம் வருகிறது. ஐரோப்பிய வண்டியைத் தட்டினால் திம்மென்று இருக்கிறது. தகடு கனமாக இருந்தால்தானே குடும்பத்துக்குப் பாதுகாப்பு?

இல்லை. கதவின் வெளித்தகடு எந்த வண்டியிலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. திம்மென்ற சத்தம் உள்ளே ஒட்டிய ஒலித்தடுப்புப் பட்டையிலிருந்து வருவது. உயிரைக் காப்பது தூண்கள், கதவுக்குள் ஓடும் குறுக்குக் கம்பி, அடிச்சட்டம். அதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, மோதிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குத்தான் சோதனை. வண்டி மூக்கின் 40 சதவீதத்தை 64 கி.மீ. வேகத்தில் நசுங்கும் தடுப்பில் மோத விடுகிறார்கள். குளோபல் என்கேப் சோதனையில் 2022இல் ஐரோப்பிய கம்பெனிகளின் குஷாக், டைகுன் 5 நட்சத்திரம் வாங்கின. அப்போதைய கிரெட்டா 3. தட்டிப் பார்த்த உங்கள் முடிவும் அதுவாகவே இருக்கலாம், ஆனால் காரணம் வேறு. அந்த கிரெட்டா 2024இல் மாறிவிட்டது, ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது.

வேலூர்: செல்டோஸ், கிரெட்டா, எது நல்லது?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான். ஓட்டத்தை எழுதுங்கள்.

ஈரோடு, மறுபடி: என் மாமாவின் பழைய ஜீப் மோதியபோது ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதைய வண்டி பைக் இடித்தாலே நொறுங்குகிறது.

ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று? வண்டி நசுங்காவிட்டால் அந்த அடி முழுக்க மனிதனின் நெஞ்சுக்குப் போகும். முன்பக்கம் நொறுங்க வேண்டும், உட்காரும் அறை நொறுங்கக் கூடாது. என் ஒர்க்‌ஷாப்புக்கு மூக்கே இல்லாமல் இழுத்து வந்த வண்டிகளின் கதவை ஒரு விரலால் திறந்திருக்கிறேன். அதில் வந்தவர்கள் நடந்து வந்து சாமான்களை எடுத்துப் போனார்கள்.

நாகர்கோவில்: ஈரோட்டுக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் யார் பிழைப்பார்?

கனமான வண்டியில் இருப்பவருக்குச் சாதகம், மறுக்கவில்லை. ஆனால் புளியமரத்தில் மோதினால் அந்தக் கனம் கைகொடுக்காது. பின்சீட்டில் பெல்ட் போடாத பாட்டியும் பேரனும் இருந்தால் எடையும் உதவாது, நட்சத்திரமும் உதவாது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது உயர்ரகக் காரில். பின்சீட்டில் இருந்தவர் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். சட்டப்படி பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். முதல் நாளிலிருந்து குழந்தைகளுக்குப் பழக்குங்கள்.

விருதுநகர்: சென்னையிலிருந்து 2021 மாடல் ஒன்று, சந்தை விலையைவிட இரண்டு லட்சம் குறைவு. வாங்கலாமா தம்பி?

அவசரப்படாதீர்கள் ஐயா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி, வாசனை அடித்து, வெளியூரில் விற்கிறார்கள். எனக்கே ஒரு புரோக்கர் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் ஓடிய பிறகு மின்சாரப் பிரச்சினை ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

நான்கு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கேதான் மறைந்திருக்கும். ஸ்டெப்னி குழியில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம், சீட் அடியில் போல்ட்டில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை படிந்த பின் இருக்கிறதா பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து பழைய வேலை விவரம் கேளுங்கள், இன்ஷூரன்ஸ் கிளைம் விவரமும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னை: ஹைபிரிட் பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவாமே?

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி உண்டு. சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் எதுவும் இல்லாத அமைப்பு. சென்னை நெரிசலில் ஓட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமான என்ஜினை நான் சொல்ல மாட்டேன். ஒரே குறை டிக்கி. பேட்டரி நிறைய இடத்தைத் தின்றுவிடும். வீட்டுப் பெட்டிகளை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள்.

தர்மபுரி: இ20 பெட்ரோலால் என்ஜின் போய்விடுமா?

இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வண்டி 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானது என்றால் அதற்கேற்ற ரப்பர், குழாய் போட்டிருப்பார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டி என்றால் கையேட்டைப் பாருங்கள்.

கரூர்: எந்த பேங்க் லோன் நல்லது?

என் துறை இல்லை. பேங்கில் கேளுங்கள்.

கடலூர்: கிரெட்டாவா, செல்டோஸா, எலிவேட்டா?

ஓட்டம் எவ்வளவு? அதை எழுதாமல் இன்று ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். ஊருக்குள் நிதானமாக ஓட்டுபவர் என்றால் எலிவேட். டர்போ இல்லாத 1.5 என்ஜின், 458 லிட்டர் டிக்கி, 220 மி.மீ. தரை இடைவெளி. டீசல் இல்லை.

ஈரோடு: சரிங்க அண்ணா, தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பின்சீட்டில் நடுவில் என் மகள் உட்காருவாள், எட்டு வயது. அந்த இடத்துக்கு என்ன பார்க்க வேண்டும்?

தோளிலிருந்து குறுக்கே வரும் மூன்றுமுனை பெல்ட் நடுவிலும் இருக்க வேண்டும். 2024க்குப் பிந்தைய கிரெட்டாவில் ஐந்து சீட்டுக்கும் உண்டு. இடுப்புக்கு மட்டும் வரும் பெல்ட் என்றால் அந்த வண்டி வேண்டாம். நடுவில் ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷோரூமுக்குப் பாப்பாவையும் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டுங்கள். பட்டை கழுத்தில் உரசினால் பூஸ்டர் சீட் வேண்டும், அதை வைக்க ஓரச் சீட்டுதான் வசதி. இன்னும் சில வருடம் அவள் ஜன்னல் பக்கமே உட்காரட்டும்.