சருகு மட்கவில்லையா? தூக்கி எறியாதீர்கள்

வணக்கம். போன இலையுதிர் காலத்தில் கூட்டி அள்ளிய சருகுகளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்ததாகவும், ஓராண்டு கழித்துத் திறந்தால் அப்படியே மொரமொரவென்று கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது கெட்டுப்போகவில்லை, காய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

சருகை மட்கவைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். குளிரிலும் நிதானமாக வேலை செய்யும். ஈரம் இல்லாவிட்டால் நின்றுவிடும். பையைத் தரையில் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் பிழிந்தெடுத்த துணியைப் போல் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. தடித்த இலைகளை நொறுக்கிவிடுங்கள். மறுபடி நிரப்பி, காற்றுப் போகப் பையைச் சுற்றிலும் பத்துப் பதினைந்து துளைகள் போடுங்கள்.

இனி 1 முதல் 2 ஆண்டுகள் ஆகும். ஓக் இலை இன்னும் தாமதிக்கலாம். இடையில் திறக்கும்போது வெள்ளை நூல்கள் படர்ந்திருந்தால் மகிழுங்கள், அதுதான் பூஞ்சை.

இந்தப் பருவத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலையே இதுதான். மாலை வெயிலில் சருகு கூட்டிவிட்டு, முந்தைய ஆண்டுகளின் பையைத் திறப்பேன். மழை நனைத்த காட்டு வாசம் எழும். கறுப்பாக உதிரும் மட்குக்கு நடுவே நரம்பு மட்டும் வலைபோல எஞ்சிய ஓர் இலை கிடக்கும்; அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

முழுதாக மட்கியதைச் சலித்து விதைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதி மட்கியதைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பலாம். நோய் பிடித்த இலைகளை மட்டும் சேர்க்காதீர்கள்.