100/90 பல்பு மாட்டியும் இடது ஹெட்லைட் மங்குகிறது: பதில்

பழைய 60/55 வாட் எச்4 பல்பையே (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட்) இப்போதைக்குத் திரும்ப மாட்டுங்கள். புதிய 100/90 பல்பில் குறை இருக்காது, அது இழுக்கும் கரண்டைத்தான் ஒயரிங் தாங்கவில்லை. திருவாரூரிலிருந்து மன்னார்குடி வருவதற்குள் இடது லைட் மஞ்சளாகி, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்கிறீர்களே, அது பல்பைச் செருகும் ஹோல்டர் உருகும் வாடை. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும். 100 வாட்டுக்கு 8-ஐத் தாண்டும்.

இடது பக்கம் மட்டும் மங்குவதால் அங்கே எர்த்தும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடித்திருக்கலாம். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைச் சேற்றில் ஓடும் வண்டிக்கு இது சகஜம்.

1. லைட்டை அணைத்து, ஆறவிட்டு, ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். ஓரம் பழுப்பாக இளகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

2. பல்பை மாட்டி, இன்ஜினும் லைட்டும் ஓடும்போது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை ஹோல்டரின் பின்பக்கம் எர்த் ஒயரில் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி இறுக்குங்கள்.

பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். அப்புறம், பின்னால் உள்ள ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள்.

100/90 வேண்டுமென்றால் ரிலேயுடன் (பேட்டரி கரண்டை நேரே பல்புக்குத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) தனி ஒயரிங் அவசியம். ஆனாலும் வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டர் சூட்டில் கருகலாம். ஆற்றங்கரைச் சாலையில் எதிரே சைக்கிளில் வருபவருக்குக் கண் கூசினால் ஒதுங்க இடமே இல்லை, அதையும் தயவுசெய்து யோசியுங்கள்.