ஆற்றில் விழுந்த சங்கிலியும், எடுத்துக் கொடுத்தவருக்குப் பேசிய பணமும்

கேள்வி: ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தோம். குளிக்கும்போது என் 5 பவுன் தாலிச் சங்கிலி கொக்கி கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. பதற்றத்தில் என் கணவர் அங்கிருந்த எல்லார் முன்னாலும், "எடுத்துக் கொடுப்பவருக்கு 60,000 ரூபாய் தருகிறேன்" என்று சொன்னார். தண்ணீருக்குள் முங்கிக் காசு எடுக்கும் தம்பி ஒருவர் மறுநாள் காலையில் சங்கிலியோடு வந்து நின்றார், பேரம் எதுவும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டார். இப்போது மாமனார் வீட்டில், "நம்ம பொருளுக்கு நாமே காசு கொடுப்பதா? 10,000 போதும்" என்கிறார்கள். 50,000-க்கு மேல் கொடுத்தால் வருமான வரிச் சிக்கல் வரும் என்கிறார் ஒரு உறவினர். தண்ணீரில் கிடைத்த தங்கம் அரசுக்குத்தான் சொந்தம் என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தத் தம்பிக்கு 60,000 ரூபாயை முழுசாகக் கொடுங்கள் அம்மா. நல்ல மனசு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 168வது பிரிவு: தொலைந்த பொருளுக்கு உரிமையாளர் இவ்வளவு வெகுமதி என்று அறிவித்திருந்தால், கண்டெடுத்தவர் அந்தத் தொகையைக் கேட்டு வழக்குப் போடலாம், பணம் கைக்கு வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அந்தத் தம்பி அப்படி எதுவும் செய்யாமல் முதலில் சங்கிலியைக் கொடுத்தார். உங்கள் வார்த்தையை நம்பியவர் அவர். எழுதிக் கொடுக்கவில்லையே, வாய்வார்த்தைதானே என்றும் தப்ப முடியாது. வாயால் சொன்னாலும் அது ஒப்பந்தம்தான், படித்துறையில் நின்றவர்கள் எல்லாரும் சாட்சி.

இந்த விஷயத்தில் 1913ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் வந்த ஒரு தீர்ப்பைச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். கான்பூரில் ஒரு முதலாளி வீட்டுப் பையன் காணாமல் போய்விட, தேடிவர அவரிடம் வேலை பார்த்த முனீமை, அதாவது கணக்குப்பிள்ளையை, அனுப்பினார்கள். அவர் கிளம்பிப் போன பிறகுதான் 501 ரூபாய் வெகுமதி அறிவித்தார்கள். ரிஷிகேசத்தில் பையனைக் கண்டுபிடித்த முனீம் பின்னால் அந்தப் பணத்தைக் கேட்டபோது நீதிமன்றம் தர மறுத்துவிட்டது. காரணம், தேடும்போது வெகுமதி பற்றி அவருக்குத் தெரியாது, தவிர தேடுவது அவர் பார்த்த வேலையின் கடமை. அந்தத் தம்பி அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார், உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரும் இல்லை. அதனால் அந்தத் தீர்ப்பைக் காட்டியும் மறுக்க வழியில்லை.

அரசுக்குச் சொந்தம் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் பற்றி யாரோ அரைகுறையாகச் சொன்னது. மண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்டு, உடையவர் யாரென்று தெரியாமல் பின்னால் கிடைக்கும் பொருளுக்கான சட்டம் அது. முந்தின நாள் உங்கள் கழுத்திலிருந்து விழுந்த சங்கிலி புதையல் ஆகாது. அது விழுந்தபோதும் உங்களுடையது, இப்போதும் உங்களுடையதுதான். திரும்பக் கிடைத்ததை யாரும் உங்கள் வருமானமாகக் கணக்கிட மாட்டார்கள், ஆகவே உங்களுக்கு ஒரு ரூபாய் வரி கிடையாது. வெகுமதி கொடுக்கும்போது வரிப் பிடித்தம் செய்ய வேண்டிய கடமையும் இல்லை, ஏனென்றால் சொந்தத் தேவைக்காகக் கொடுக்கும் பணம் இது.

சரி, அந்தத் தம்பிக்கு வரி உண்டா? உங்கள் உறவினர் சொல்லும் 50,000 ரூபாய் வரம்பு அன்பளிப்புக்கு உரியது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து பதிலுக்கு எதுவும் செய்யாமல் ஒரு வருஷத்தில் வாங்கும் பணம் மொத்தம் 50,000 வரை இருந்தால் வரி இல்லை. தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். ஆனால் நீங்கள் கொடுக்கப்போவது அன்பளிப்பே இல்லை. எடுத்துக் கொடுத்தால் தருவேன் என்று சொல்லி, அவர் எடுத்துக் கொடுத்து வாங்குவது, அதாவது வேலைக்கான பணம். இது 50,000-க்குக் கீழே இருந்தாலும் வருமானம்தான், 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வரும். லாட்டரிப் பரிசுக்குப் போடும் 30 சதவீத வரி இதற்குப் பொருந்தாது. அரசு தரும் அல்லது அரசு அங்கீகரித்த சில விருதுகளுக்கு உள்ள விலக்கும் இதற்குக் கிடையாது, அதனால் வெகுமதி என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வருமானம் என்றதும் வரி கட்டியாக வேண்டும் என்று பயப்படவும் தேவையில்லை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறைப்படி 4 லட்சம் வரை வரி விதிப்பே இல்லை, மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி போக வழக்கமான வருமானத்துக்குக் கட்ட வேண்டியது பூஜ்யம். படித்துறையில் காசு எடுத்துப் பிழைக்கிற ஒருவருக்கு இந்த 60,000 எந்தச் சிக்கலையும் கொண்டுவராது. அவருக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தொகையைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், 'சங்கிலி எடுத்துக் கொடுத்ததற்கு' என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது அவரைப் பார்த்து ஏது இவ்வளவு பணம் என்று கேட்டால், அவர் காட்டுவதற்கு அந்தத் தாள் இருக்கும்.

கேள்வி: நான் சங்கு குளித்துப் பழகியவன். இப்போது கடலில் நகை தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் தேடித் தருகிறேன். ஒரு நாளைக்கு 3,000 கூலி, கிடைத்துவிட்டால் மேற்கொண்டு ஒரு தொகை. இதற்கு வரி எப்படி? தேடும்போது யாருடையது என்று தெரியாத மோதிரங்களும் கிடைக்கின்றன, அவற்றை நான் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நீங்கள் இதைத் தொழிலாகவே செய்வதால் கூலி, கிடைத்தால் தரும் தொகை இரண்டுமே தொழில் வருமானம். படகு வாடகை, எரிபொருள், காற்றுச் சிலிண்டர் நிரப்பும் செலவு, கருவித் தேய்மானம் எல்லாம் கழித்துக்கொள்ளலாம். கணக்கு எழுதுவது சிரமம் என்றால், வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டும் அனுமான முறை இருக்கிறது. சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான், அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரே ஆளிடம் ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக மட்டும் வாங்கிவிடாதீர்கள், வாங்கியவருக்கே அதே அளவு அபராதம் விழும்.

ஆளில்லாத மோதிரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். கண்டெடுத்தவர் அதை அடுத்தவர் ஒப்படைத்த பொருள்போலப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம். உடையவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் சொந்தமாக்கிக்கொண்டால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314வது பிரிவு வரும், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை. எந்த இடத்தில், என்றைக்குக் கிடைத்தது என்று எழுதிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிவிடுங்கள். உள்ளே பெயரோ தேதியோ பொறித்த கல்யாண மோதிரமாக இருந்தால் உடையவர் கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு, அவர்கள் முகத்தைப் பார்க்கும் சந்தோஷம் தனி.

அப்புறம், தேட இறங்குவதற்கு முன்னாலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் கூலி உண்டா, கிடைத்தால் எவ்வளவு, எத்தனை நாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பிறகு பேசினால் யாருக்கும் கை நீளாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

கேள்வி: குளத்திலோ கடலிலோ நகை விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? காப்பீட்டில் பணம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் எல்லாரையும் தண்ணீரைக் கலக்காமல் நிற்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் காலால் துழாவினால் நகை மணலுக்குள் போய்விடும். தங்கம் மணலைவிட ஆறேழு மடங்கு கனம், ஓட்டத்தோடு அவ்வளவு தூரம் போகாது, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அமிழ்ந்து கீழே கெட்டியான தரை வரும்வரை இறங்கும். அதனால் இடத்தைக் குறிப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மீனவர்கள் கரையில் இருக்கும் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிப்பதுபோல, நின்ற இடத்திலிருந்து இரண்டு திசையில் அடையாளம் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் என்றால் அப்போது ஏற்றமா இறக்கமா என்பதையும் குறித்து வையுங்கள். தேட வருகிறவரிடம் உலோகம் கண்டறியும் கருவி இருந்தால், அது உப்புத்தண்ணீருக்கு ஏற்றதா என்று கேளுங்கள். ஆற்றில் நன்றாக வேலை செய்யும் சாதாரணக் கருவி கடலில் உப்பினாலேயே சும்மா சும்மா சத்தம் போடும்.

கிணறு என்றால் பாதாளக் கரண்டியைத்தான் முதலில் முயற்சி செய்ய வேண்டும். நாள்பட்ட கிணற்றில் ஆளை இறக்காதீர்கள், விஷவாயு தட்டி எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், எந்த மோதிரமும் அதற்கு ஈடில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை, நகைக்கென்று தனியாக எல்லா இழப்புக்கும் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் பேச முடியும். வீட்டுக்குள் திருட்டுக்கு மட்டும் எடுத்த பாலிசி ஆற்றில் தொலைந்ததற்கு உதவாது, எப்படித் தொலைந்தது என்றே சொல்ல முடியாத இழப்பை விலக்கிவைத்த பாலிசிகளும் உண்டு. எப்படி இருந்தாலும் அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனுவைப் பதிந்ததற்கான ரசீது) வாங்கிவிடுங்கள், நகைக்கடை பில்லையும் தேடி எடுத்து வையுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு நகை கிடைத்துவிட்டால் கம்பெனிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முழுத்தொகை கொடுத்திருந்தால் அந்த நகையின் மேல் உரிமை அவர்களுக்குப் போயிருக்கும், பெரும்பாலும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டி நகையை வைத்துக்கொள்ள விடுவார்கள், அதைக் கடிதமாக எழுதிக் கேளுங்கள்.